பெயர் மருந்து, பொருள் நஞ்சு!

நூறாண்டுகளுக்கு முன் இன்றைய தியாகராய நகர் ஒரு பெரிய ஏரியின் பகுதியாக இருந்தது. வெள்ளையர் அந்த ஏரியை ‘லாங் டாங்க்’ என்று குறித்தனர். 1920களில் அதன் மாம்பலம் பகுதி தூர்க்கப்பட்டது, தெருக்கள் வகுக்கப்பட்டன, நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் புதிய நகருக்குச் சூட்டப்பட்டது. இன்று அங்கே துணிக்கடை உண்டு, நகைக்கடை உண்டு, பாத்திரக்கடை உண்டு. ஏரியும் இல்லை, வயலும் இல்லை. வயலே இல்லாத இடத்தில் வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும்.

வேலை இருக்கிறது, தோழர்களே! மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் வீடு வீடாக வருகிறார். மாடியேறி மேல்நிலைத் தொட்டியைப் பார்க்கிறார். கிணற்றை எட்டிப் பார்க்கிறார். கையிலுள்ள குடுவையிலிருந்து அளந்து கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போகிறார். ‘அபேட் மருந்து’ என்று வீட்டார் அதைச் சொல்லுவர். அதன் இரசாயனப் பெயர் டெமிஃபாஸ். அது கரிமப் பாஸ்பரஸ் நஞ்சு வகையைச் சேர்ந்தது. மலேரியாவும் டெங்குவும் பரப்பும் கொசுவின் புழுக்களை அது கொல்கிறது. ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மிகாமல் கலந்தால், குடிக்கும் நீரிலும் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதனை ஏற்றிருக்கிறது.

அதே குலத்தில் பிறந்த வேறொன்று, 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில், பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. இன்னொன்று உலகப் போரில் எறிவதற்கென்றே குண்டுகளில் அடைத்து வைக்கப்பட்டது.

ஒரே குலம். ஒருவன் குடிநீர்த் தொட்டிக்குக் காவல். மற்றவன் குழந்தைக்குக் காலன். இது எப்படி? இவற்றைப் பிரித்தறிவது யார் பொறுப்பு? பிரித்தறியாமல் விட்டதால் மாண்டவர்களின் சாவுக்கு நாம் என்ன பெயர் வைத்தோம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடி, இந்த நஞ்சின் வரலாற்றைப் புரட்டுவோம்.

ஒரே டிசம்பர், இரண்டு செய்திகள்

1854ஆம் ஆண்டிலேயே, பாரிசில் ஃபிலிப் டி கிளெர்மோன் என்ற இரசாயன அறிஞர், பின்னாளில் பூச்சிக்கொல்லியான பாஸ்பரஸ் சேர்மம் ஒன்றைச் செய்து காட்டினார். அது உயிர் குடிக்கும் என்று அன்று எவரும் உணரவில்லை. 1932இல் பெர்லினில் வில்லி லாங்கேயும் அவருடைய மாணவி கெர்டா ஃபான் குரூகரும் அதே குடும்பத்தின் வேறு சேர்மங்களைச் செய்தபோது, ஆவி பட்டதும் தொண்டை அடைத்தது, மூச்சுத் திணறியது, பார்வை மங்கியது. அதை அவர்கள் எழுதி வைத்தனர்.

ஜெர்மனியில் ஐ.ஜி. ஃபார்பன் என்ற பெருநிறுவனத்தில் பணியாற்றிய கெர்ஹார்ட் ஷ்ராடர் தேடியதோ பூச்சியைக் கொல்லும் பொருள். பயிரைக் காக்க வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி. 1936 டிசம்பர் 23 அன்று அவர் ஒரு புதிய சேர்மத்தைச் செய்தார். மிகச் சிறிய அளவே செடிப்பேன்களை முற்றாக அழித்தது. அடுத்த மாதம் ஆய்வுக்கூடத்தில் ஒரு துளி சிந்தியது. அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கிற்று; மூச்சு முட்டிற்று. நலமடையப் பல நாள் பிடித்தது.

போருக்குப் பயன்படக்கூடிய கண்டுபிடிப்பு எதுவாயினும் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது நாஜி ஆட்சியின் ஆணை. அறிவித்தனர். பூச்சிக்கென்று பிறந்தது படைக்கு உரியதாயிற்று. டாபுன் என்று அதற்குப் பெயர். பின்னர் அதனினும் கொடிய சாரின் பிறந்தது. ஆயிரக்கணக்கான டன் டாபுனை நாஜி ஆலை செய்து குவித்தது. ஏனோ போர்க்களத்தில் அது வீசப்படவில்லை.

அதே 1936 டிசம்பரில், ஸ்டாக்ஹோமில் இன்னொரு நிகழ்ச்சி. நரம்பு தன் கட்டளையை ஓர் இரசாயனப் பொருளின் வழியாகவே தசைக்கும் உறுப்புக்கும் அனுப்புகிறது என்று மெய்ப்பித்த ஆட்டோ லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தப் பொருளின் பெயர் அசிட்டைல்கோலின். ஒரு மேடையில், உயிர் எவ்வாறு இயங்குகிறது என்ற அறிவுக்கு மாலை. ஓர் ஆய்வுக்கூடத்தில், அந்த இயக்கத்தை நிறுத்தும் பொருளின் பிறப்பு. இரண்டுக்கும் இடையே இரண்டு வாரங்கள்கூட இல்லை! விஞ்ஞானம் நல்லதா கெட்டதா என்று வாதிடுவோர் இந்த ஒரு மாதத்தை எண்ணிப் பார்க்கட்டும். அறிவு கருவியைத் தருகிறது. அது யார் கையில், எந்தச் சட்டத்தின் கீழ், எவர் கண்காணிப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பயனும் கேடும் விளைகின்றன.

பூச்சியும் நாமும் பேசும் ஒரே மொழி

நாம் கையை மடக்குகிறோம். நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிப்பட்டுத் தசையைத் தொடுகிறது, தசை சுருங்குகிறது. வேலை முடிந்ததும் அந்த அசிட்டைல்கோலின் உடனே சிதைக்கப்பட வேண்டும். சிதைப்பதற்கென்று ஒரு நொதி இருக்கிறது. கதவைத் திறப்பவன் ஒருவன், மூடுபவன் ஒருவன் என்று கொள்வோம். மூடுபவன்தான் அந்த நொதி.

கரிமப் பாஸ்பரஸ் நஞ்சு அந்த நொதியைப் பற்றிக்கொள்கிறது; விடுவதில்லை. நேரம் செல்லச் செல்லப் பிடி இறுகுகிறது. மூடுபவன் கட்டுண்டு கிடக்க, கதவு திறந்தது திறந்தபடியே கிடக்கிறது. கண்ணீர் பெருகுகிறது, வாயில் நீர் ஊறி வழிகிறது, வியர்வை கொட்டுகிறது, கண்மணி சுருங்குகிறது, தசைகள் துடித்துப் பின் சோர்கின்றன, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு நின்றுவிடுகிறது. பூச்சியும் ஏறத்தாழ இவ்வாறே சாகிறது. பூச்சியின் நரம்பும் மனிதனின் நரம்பும் இந்த ஒரு செய்தியில் ஒரே மொழி பேசுகின்றன. உயிர்களெல்லாம் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதற்கு இது ஒரு சான்று; அந்த உறவை மறந்தால் என்ன நேரும் என்பதற்கும் இதுவே எச்சரிக்கை.

பின், எல்லா உறுப்பினரும் ஒரே அளவு கொடியவர் ஆகாதது ஏன்? 1944இல் அதே ஷ்ராடர் உருவாக்கிய பாரத்தியான், உடலுள் சென்றதும் கல்லீரலில் கந்தக அணுவை இழந்து ஆக்சிஜனை ஏற்று, முன்னினும் கடுமையான நஞ்சாக மாறுகிறது. 1950இல் சந்தைக்கு வந்த மாலத்தியானும் அவ்வாறே மாறக்கூடியதுதான். ஆனால் மனிதர், கால்நடை ஆகியோரின் உடலில் உள்ள வேறொரு நொதி, மாறுவதற்கு முன்பே அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகிறது. பூச்சிக்கு அந்த வல்லமை குறைவு. எலிகளிடம் செய்த சோதனைகளில், பாரத்தியானோ மோனோகுரோட்டோபாஸோ உடல் எடையில் கிலோவுக்குப் பத்துப் பதினைந்து மில்லிகிராம் அளவிலேயே பாதி எலிகளைக் கொல்கிறது. மாலத்தியானுக்கு அது ஆயிரம் மில்லிகிராமுக்கும் மேல். தொட்டியில் ஊற்றும் டெமிஃபாஸுக்கு இன்னும் பல மடங்கு.

ஆகவே, நமது முதல் கேள்விக்கு விடை கிடைத்தது. குலம் ஒன்று, குணம் ஒன்றன்று. குலப்பெயரைக் கேட்டு எல்லாவற்றையும் வெறுப்பதும் அறிவன்று. எல்லாவற்றையும் ‘மருந்து’ என்று ஒரே பெயரில் வரவேற்பதும் அறிவன்று. அளவையும் வகையையும் ஆய்ந்து பிரித்தறிதலே பகுத்தறிவு. அந்தச் சொல்லின் பொருளே அதுதானே!

கப்பலில் வந்த சாவு

போர் முடிந்தது. நாஜி ஆய்வுக்கூடத்தின் இரகசியங்கள் வெற்றி பெற்ற நாடுகளின் கைக்குப் போயின. பாரத்தியான் உலகச் சந்தைக்கு வந்தது. ‘ஃபோலிடால்’ என்ற வணிகப் பெயரில் இந்தியாவுக்கும் வந்தது. விடுதலை பெற்று பத்தாண்டு நிறைந்த நாட்டில், இதனை எங்கே வைப்பது, எதனுடன் ஏற்றுவது, யார் விற்பது என்று வரையறுக்கும் தனிச் சட்டம் எதுவும் இல்லை.

1958இல் கேரளத்தில் அதற்கு விலை கொடுத்தனர். கப்பலில் உணவுப் பொருளுடன் ஒருங்கே ஏற்றிவந்த ஃபோலிடால் கசிந்து கோதுமை மாவில் கலந்தது. மாவு கடைக்குப் போயிற்று. கடையிலிருந்து அடுப்படிக்குப் போயிற்று. உண்டவர்கள் துடித்துச் சுருண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் வயலில் இறங்கியவர்கள் அல்லர். பூச்சிக்கொல்லியைக் கையால் தொட்டவர்களும் அல்லர். பசிக்கு உண்டதே அவர்கள் செய்த குற்றம்!

நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை நடந்தது. சட்டம் தேவை என்ற முடிவு வந்தது. சட்டம் எப்போது வந்தது? பூச்சிக்கொல்லிகள் சட்டம் 1968இல் நிறைவேறியது. அதன் விதிகள் 1971இல் வந்தன. மாவில் கலந்த நஞ்சு சில மணி நேரத்தில் வேலையை முடித்தது. சட்டம் தன் வேலையைத் தொடங்கவே பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. பாரத்தியானுக்கு இந்தியாவில் தடை வந்தது 1974இல்.

பசியும் பயிரும் புகையானும்

இடைப்பட்ட காலத்தில் நாடு பசித்திருந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கிய காலம் அது. தமிழகத்தில் அரிசியே தேர்தல் பொருளாக இருந்த காலம். 1960களின் நடுவில் தஞ்சை வயல்களுக்கு ஆடுதுறை 27 வந்தது, பின்னர் ஐ.ஆர். 8 வந்தது. குட்டையான தண்டு, உரத்தை ஏற்கும் கதிர், குறைந்த நாளில் விளைச்சல். உரம் பெற்ற பயிர் செழித்தது. செழித்த பயிரைத் தேடிப் பூச்சியும் செழித்தது. தத்துப்பூச்சி, குருத்துப்பூச்சி, இலைசுருட்டுப்புழு, புகையான் என்று உழவனின் வாயில் பெயர்கள் பெருகின.

அந்த வேளையில் தெளிப்பானைத் தோளில் மாட்டிய உழவனைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. கடன் வாங்கிப் பயிரிட்டவன், கண்ணெதிரே பயிர் கருகுவதைக் கண்டு கைகட்டி நிற்க முடியுமா? டி.டி.டி. மண்ணிலும் உடலிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் என்பதை 1962இல் ரேச்சல் கார்சன் எழுதிய நூல் உலகறியச் செய்தது. கரிமப் பாஸ்பரஸ் சேர்மங்களோ வெயிலிலும் நீரிலும் மண்ணிலும் விரைவில் சிதைபவை. ஆதலால், ‘பழைய நஞ்சு தங்கும், புதிய நஞ்சு தங்காது’ என்ற நம்பிக்கையுடன் அவை வரவேற்கப்பட்டன. அந்த நம்பிக்கையில் உண்மையும் இருந்தது. ஆனால் நிலத்தில் தங்காத நஞ்சு, தெளிப்பவனின் மூச்சில் அன்றே ஏறும் என்ற மற்றொரு பாதி உண்மையை அவனுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

அதற்கும் மேலே ஒரு வேடிக்கை. புகையானை ஒழிக்கத் தெளித்தனர், புகையான் பெருகிற்று! 1970களில் பிலிப்பைன்ஸ் வயல்களில் நடந்த ஆய்வு காரணத்தைக் காட்டிற்று. புகையான் தன் முட்டையை இலையுறையின் உள்ளே இடுகிறது. நஞ்சு அங்கே எட்டுவதில்லை. புகையானைத் தின்னும் சிலந்தியோ வெளியே நடமாடுகிறது. நஞ்சு அதனைக் கொன்றுவிடுகிறது. காவலனைக் கொன்றபின் முட்டை பொரிக்கிறது. தடுப்பார் இல்லாமல் கூட்டம் பெருகுகிறது. உழவன் மீண்டும் கடைக்கு ஓடுகிறான். கடைக்காரர் இன்னும் கடுமையானதை எடுத்துக் கொடுக்கிறார்.

இந்தோனேசியா இதனை உணர்ந்து, 1986 நவம்பரில் நெற்பயிருக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. உழவர்க்கு வயலிலேயே பூச்சியை அறியும் பயிற்சி அளித்தது. நெல் விளைச்சல் வீழ்ந்துவிடும் என்று அஞ்சினர் சிலர். வீழவில்லை. எந்தப் பூச்சி பகை, எந்தப் பூச்சி துணை என்று அறிந்த உழவனின் கண், நஞ்சுக் குடுவையைவிட வலிமையானது என்று நிலைநாட்டப்பட்டது.

‘மருந்து’ என்ற பெயரின் மயக்கம்

இங்கே நம் மொழியிலுள்ள ஒரு வழக்கை நாமே உற்று நோக்க வேண்டும். ஊரில் எவரும் ‘நஞ்சு தெளிக்கப் போகிறேன்’ என்று சொல்லுவதில்லை. ‘மருந்தடிக்கப் போகிறேன்’ என்பார்கள். நஞ்சுண்டு மாண்டவரைப் பற்றியும் ‘மருந்தைக் குடித்துவிட்டார்’ என்றே பேசுவார்கள். பயிருக்கு வந்தது நோய், நோய்க்குக் கொடுப்பது மருந்து என்ற எண்ணத்தில் பிறந்த பெயர் அது. ஆனால் பெயர் மனிதனை ஆளுகிறது. மருந்து என்றால் அஞ்ச வேண்டியதில்லை. மருந்து என்றால் கையால் கலக்கலாம். மருந்து என்றால் பரணில் அரிசிக்கு அருகே வைக்கலாம். மருந்து வந்த குடுவை நல்ல குடுவை. கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கலாம்! பீகார்ப் பள்ளியில் குழந்தைகளைக் கொன்றது மோனோகுரோட்டோபாஸ். அந்த நஞ்சு வந்த கொள்கலத்திலிருந்த எண்ணெயில் உணவு சமைக்கப்பட்டதே கேட்டுக்குக் காரணம்.

சட்டம் குடுவையின் மேல் வண்ணம் இட்டிருக்கிறது. சாய்சதுரக் கட்டத்தின் கீழ்ப்பாதி முக்கோணம் சிவப்பென்றால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அடுத்தது, நீலம் அதற்கு அடுத்தது, பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. பச்சை என்றால் தீங்கற்றது என்று பொருளன்று. குறைந்தது என்பதே பொருள். இதனை அறிந்த உழவர் எத்தனை பேர்? அறிவித்த கடைக்காரர் எத்தனை பேர்? எறும்பு ஊர்வதைப் போன்ற எழுத்தில் அச்சிட்ட தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டால் எச்சரித்தாயிற்று என்று நிறுவனம் கணக்கெழுதிக் கொள்கிறது.

தெளிப்பவர் யார்? பெரும்பாலும் நிலத்துக்கு உரியவர் அல்லர், நாட்கூலிக்கு வந்தவர். கையுறை, முகமூடி, கண்ணாடி, முழங்கால்வரை காலணி என்று தாளில் பட்டியல் உண்டு. சித்திரை வெயிலில் அவற்றை அணிந்து அரைநாள் நிற்க முடியுமா என்று பட்டியல் எழுதியவர் ஒருநாள் வயலில் நின்று பார்த்ததுண்டா? 2017இல் மராட்டியத்தின் யவத்மாள் மாவட்டப் பருத்திக் காடுகளில் தெளிப்பின்போது நஞ்சேறி இருபதுக்கும் மேற்பட்ட உழவரும் கூலிகளும் மாண்டனர். அதே ஆண்டில் நம் பெரம்பலூர் மாவட்டப் பருத்திக் காடுகளிலிருந்தும் அத்தகைய சாவுச் செய்திகள் வந்தன. இலாபம் ஓரிடத்தில், நஞ்சு வேறோரிடத்தில் சேருகிறது. உழைப்பவன் மூச்சில் நஞ்சும், உழைக்காதவன் பையில் பணமும் சேரும் ஏற்பாட்டுக்கு ‘விவசாய முன்னேற்றம்’ என்று பெயர் வைப்பது, நஞ்சுக்கு மருந்தென்று பெயர் வைத்ததன் தொடர்ச்சியே!

விதி என்றனர், கணக்கு வேறு சொல்லிற்று

இனி மூன்றாம் கேள்வி. வீட்டில் சண்டை, கடன், காதல் தோல்வி, குடி, தேர்வு முடிவு என்று மனம் குமுறிய ஒரு வேளை. எட்டும் தூரத்தில் சிவப்பு முக்கோணக் குடுவை. இவை இரண்டும் சந்தித்த வீடுகளில் விழுந்த சாவுகள் எத்தனையோ! அவற்றைப் பார்த்துச் சுற்றத்தார் சொன்னது என்ன? ‘தலையெழுத்து’, ‘விதி முடிந்தது’, ‘போகிற உயிரை யார் தடுப்பார்’.

தடுக்க முடியும் என்று மெய்ப்பித்தது, பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கை. தற்கொலை விகிதத்தில் உலகிலேயே முன்வரிசையில் நின்ற நாடு அது. 1995இல் அங்கே மிகக் கொடிய வகை நஞ்சுகளான மெத்தமிடோபாஸ், மோனோகுரோட்டோபாஸ் ஆகியவற்றின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1998இல் எண்டோசல்ஃபானும், பின்னர் டைமெத்தோயேட், ஃபென்தியான் ஆகியவையும் விலக்கப்பட்டன. நடந்தது என்ன? பத்தாண்டில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. இருபதாண்டில் எழுபது விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் உள்நாட்டுப் போர் ஓயவில்லை, வறுமை நீங்கவில்லை, வேலையின்மை மறையவில்லை. நெல் விளைச்சலும் அந்தத் தடைகளால் குன்றவில்லை.

கோயிலில் நேர்த்திக்கடன் செலுத்தியா விதி மாறிற்று? கோள்களின் நிலை மாறியா மாறிற்று? அரசு அலுவலகம் ஒன்றின் பதிவேட்டில் சில பெயர்கள் அடிக்கப்பட்டன. ஆயிரமாயிரம் பேரின் ‘தலையெழுத்து’ அழிந்துபோயிற்று! சாகத் துணியும் எண்ணம் பலர்க்கும் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிந்துவிடக்கூடியது. கொடிய நஞ்சு கைக்கெட்டாமல் இருந்தால், அந்த வேளை கடந்துபோகிறது; மனிதன் மீள்கிறான்; மீண்டவரில் மிகப் பலர் வாழ்ந்து முடிக்கின்றனர். விதி என்று நாம் அழைத்தது, கடையில் விற்ற ஒரு பொருளின் வீரியம் அன்றி வேறில்லை.

நம் தமிழகத்திலும் முயற்சி நடந்திருக்கிறது. சென்னையின் சினேகா அமைப்பை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில் பூச்சிக்கொல்லிக்கென்று பொதுக் காப்பகம் கட்டி, உழவர்க்குத் தனித்தனிப் பெட்டகம் அளித்துச் சோதித்தனர். 2013இல் ஆய்வு வெளியாயிற்று. நஞ்சை வீட்டைவிட்டு வெளியேற்றுவதை ஊரார் ஏற்றனர், பயன்படுத்தினர்.

அறுபது நாள் அதிகாரம்

தமிழ்நாடு அரசு 2023இன் தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ், புரோஃபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் முதலிய ஆறு பூச்சிக்கொல்லிகளின் விற்பனையைத் தடை செய்தது. எத்தனை நாளைக்கு? அறுபது நாளைக்கு! ஏன் அறுபது நாள்? 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மாநில அரசுக்கு அவ்வளவே இடம் தருகிறது. நிலையான தடை விதிக்க வேண்டுமானால் தில்லிதான் கையெழுத்திட வேண்டும்.

அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைத் திறந்து பாருங்கள். வேளாண்மையும், ‘பூச்சிகளிடமிருந்து காத்தலும்’ மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ‘மருந்துகளும் நஞ்சுகளும்’ பொதுப் பட்டியலில் இருக்கின்றன. பூச்சியிடமிருந்து பயிரைக் காப்பது மாநிலத்தின் பொறுப்பு; காப்பதற்குத் தெளிக்கும் நஞ்சிடமிருந்து தன் மக்களைக் காக்க மட்டும் மாநிலத்துக்கு அறுபது நாள்! சாவு நிகழ்வது நம் சிற்றூரில். பிணக்கூறாய்வு நம் மருத்துவமனையில். கண்ணீர் நம் வீட்டில். அதிகாரம் ஆயிரம் கல் தொலைவில்.

தில்லி கையெழுத்திட எவ்வளவு காலம் எடுத்தது? மோனோகுரோட்டோபாஸை 2005இல் காய்கறிக்குத் தெளிக்கக் கூடாது என்றது. காய்கறிக்குக் கூடாதது பருத்திக்கு ஆகலாம் என்று கடையில் இருந்தது. கடையிலிருந்து காய்கறித் தோட்டத்துக்குப் போக அதற்குத் தனி வழி தேவையில்லை. பீகாரில் குழந்தைகள் மாண்டது 2013இல். 2018 ஆகஸ்டில் மீதைல் பாரத்தியான், போரேட், டைக்குளோர்வாஸ் உள்ளிட்ட 18 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை வந்தபோதும் மோனோகுரோட்டோபாஸ் தப்பிற்று. 2023இல்தான் அதன் பெரும்பான்மை வடிவத்துக்குத் தடையாணை வந்தது. இலங்கை 1995இல் செய்ததை இந்தியா செய்ய இருபத்தெட்டு ஆண்டுகள்!

இளைஞர் முன் உள்ள பணி

இதை எழுதும் நோக்கம் பூச்சிக்கொல்லியே வேண்டாம் என்று முழங்குவதன்று. கொசுப்புழுவைக் கொல்லும் அளந்த துளி தியாகராய நகரின் தொட்டியில் விழட்டும். அதனால் மலேரியா குறையுமானால் மகிழ்வோம். நாம் கேட்பது, ஒவ்வொன்றையும் அதனதன் உண்மைப் பெயரால் அழைக்க வேண்டும் என்பதே. நஞ்சை நஞ்சு என்போம். பொறுப்பின்மையைப் பொறுப்பின்மை என்போம். தடுத்திருக்கக்கூடிய சாவை விதி என்று சொல்ல நா கூசுவோம்.

படிப்பகம் நடத்தும் தோழர்கள் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். நான்கு வண்ண முக்கோணத்தைத் தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். குடுவையில் அச்சிட்டுள்ள சிற்றெழுத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். வெறும் குடுவை வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லுங்கள்; நஞ்சு இருக்கும் இடம் வீடன்று, ஊருக்குப் பொதுவான பூட்டிய காப்பகம் என்று ஊராட்சியில் வாதிடுங்கள். எவரேனும் நஞ்சுக்கு ஆளானால் மந்திரிக்க ஓடாதிருக்கட்டும். சாணிக் கரைசலோ உப்பு நீரோ புகட்டி வாந்தி எடுக்க வைக்காதிருக்கட்டும். அது நுரையீரலுக்குள் போய்க் கேட்டைப் பெருக்கும். நனைந்த உடையைக் களைந்து, மேலைக் கழுவி, 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வரும்போது குடுவையின் உறையையும் கொண்டுவர வேண்டும். அங்கே அட்ரோபின் இருக்கிறது. நம் வேலியோர ஊமத்தையிலும் உள்ள ஆல்கலாய்டு இனத்தைச் சேர்ந்தது அது. அளந்து ஏற்றத் தெரிந்த மருத்துவர் கையில் அதுவே உயிர் காக்கும் மருந்து. அளவறியாதவர் கையில் ஊமத்தையும் நஞ்சே. மனம் உடைந்து நிற்பவர்க்கு, பேசுவதற்கு ஒரு குரலாக 104 என்ற எண் உண்டென்று சொல்லி வையுங்கள். அதற்கு முன் நீங்களே அருகமர்ந்து கேளுங்கள்.

கேரளத்தில் மாவுண்டு மாண்டவர்கள் சட்டத்தைக் கொண்டுவந்தனர். பீகார்க் குழந்தைகள் ஒரு நஞ்சின் முகத்தை நாட்டுக்குக் காட்டினர். ஒவ்வொரு விதிக்கும் பின்னே ஒரு பிணவரிசை இருக்க வேண்டும் என்பது எந்த நாட்டுக்கும் பெருமையன்று. அடுத்த விதியாவது சாவுக்கு முன்னே வரட்டும். அதற்கான குரல், கணக்கை அறிந்த இளைஞரின் குரலாக இருக்கட்டும்!